ஒரு இழுப்புக்கு எத்தனை படம்

கரகோல் நகரத்தில் மழலையர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு எதுவானாலும் சரி, புருல் வரைந்த கரடியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பதினான்கு வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. ஏணியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ச் சுவரில் கரடி, முயல், ஆப்பிள் மரம், புகைவிடும் ரயில் என்று வரைந்து தருவாள். மொத்தம் இருபத்திரண்டு பள்ளிகள். எல்லாச் சுவரிலும் கரடி ஒரே மாதிரிதான் நிற்கும், ஒற்றைக் காலைத் தூக்கியபடி.

ஒருநாள் அவள் ஏணிமேல் நின்று கரடியின் மூக்குக்குக் கறுப்படித்துக்கொண்டிருந்தபோது கீழே நின்ற ஒரு வாண்டு கேட்டது: "கரடி எப்ப காலைக் கீழ வைக்கும்?"

"நாளைக்கு வைக்கும்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள் புருல்.

மறுநாள் அந்தக் குழந்தை வந்து பார்த்தது. கால் அப்படியே மேலேதான் இருந்தது. சுவருக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டது. ஆசிரியை வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை புருலுக்கு ஏணியிலிருந்து இறங்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே அவள் தன் ஃபோனில் ஒரு செயலியை இறக்கி, கரடி காலைக் கீழே வைப்பதை வரைய உட்கார்ந்தாள். ஐந்து படம் போட்டாள், கரடி நொண்டியது. பத்துப் படம் போட்டாள், நடந்தது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. அந்தக் கரடி நாலடி நடப்பதைத் தன் கணவன் தாலாயிடம் காட்டினாள். வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் பழைய ராணுவ வேனின் டிரைவர் அவன். பார்த்துவிட்டு, "எங்க போகுது?" என்று மட்டும் கேட்டான்.

இஸ்மார் அறிமுகமானதும் அந்தக் கரடியால்தான். பஜார் வாசலில் ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த துங்கான் இனத்து இளைஞன் அவன். திரை உடைந்த ஃபோனை புருல் அவனிடம் கொடுத்தாள். புதுத் திரை மாட்டிச் சரிபார்க்கும்போது கரடி நடந்ததைப் பார்த்துவிட்டான்.

"எஜே, இதை யாரு செஞ்சது?" அக்கா முறையில் இருப்பவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான்தான். ஏன், தப்பா ஏதாவது அமுக்கிட்டியா?"

இல்லை. விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்று அவன் மூன்று வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தான். நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் வரைந்தால் மனிதனுக்கும் முளைக்குச்சிக்கும் வித்தியாசம் தெரியாது. விளையாட்டு எதைப் பற்றி என்று தேட அவன் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மா ஹலிச்சா பஜாரில் அஷ்லியான்ஃபூ விற்கும் வரிசையில் கடை வைத்திருந்தாள். கரகோலில் காலையில் கண் விழித்தவன் எவனும் முதலில் நினைப்பது அந்தப் புளிப்புச் சாற்றில் மிதக்கும் குளிர்ந்த நூடுல்ஸைத்தான், அதுவும் முந்தின நாள் குடித்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். விளையாட்டில் நீங்கள்தான் கடைக்காரர். மாவை இழுத்து நூடுல்ஸாக்க வேண்டும், மாவுக்கூழ்ப் பாளத்தை நறுக்கிப் போட வேண்டும், சாறு ஊற்றி மிளகாய் விட வேண்டும், வாடிக்கையாளருக்குக் கோபம் வருவதற்குள் கிண்ணத்தை நீட்ட வேண்டும். அவ்வளவுதான்.

புருல் ஏழு மாதம் வரைந்தாள். பன்னிரண்டு வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவருக்கும் வருவது, உட்காருவது, சாப்பிடுவது, முறைப்பது. ஆனால் அவள் உயிரைக் கொடுத்து வரைந்தது மாவை இழுக்கும் கைகளைத்தான். மாவு நீள்கிறது, பலகையில் அறைகிறது, மடிகிறது, மறுபடி நீள்கிறது. ஒரு இழுப்புக்கு ஒரு நொடி, நொடிக்கு இருபத்துநாலு படம். பார்த்தால் தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் தெரிந்தவர்கள் நாற்பது பேருக்குச் சோதனைப் பிரதி அனுப்பினார்கள். பதினோரு பேர்தான் விளையாடினார்கள். மற்றவர்களுக்கு ஃபோனில் ஏறவே இல்லை.

"நூத்து நாப்பத்தாறு எம்.பி., எஜே" என்றான் இஸ்மார். "அக்சூ பக்கம் பாதிப் பேரு ஃபோன்ல அவ்வளவு காலி இடமே கிடையாது. ஜூன்ல எல்லாரும் மந்தையை ஓட்டிக்கிட்டு மலைக்குப் போயிடுவாங்க. அங்க சிக்னலும் கிடையாது. அதுக்கு முன்னாடி இறக்கிக்கிட்டாதான் உண்டு. அம்பதுக்குள்ள வரணும்."

"எதை வெட்டச் சொல்ற?"

"கையை."

"கை மேல கை வைக்காத" என்றாள் புருல்.

அவன் சிரிக்கவில்லை. கணக்கு அவன் பக்கம் இருந்தது. எல்லா அசைவும் படங்களின் அடுக்குதான். படத்தைப் பாதியாக்கினால் எடையும் ஏறத்தாழப் பாதி. இருபத்துநாலைப் பன்னிரண்டாக்கு, எட்டாக்கு, என்ன குறைந்துவிடும்? புருலுக்கோ ஒரு படத்தை எடுத்தாலும் பல் விழுந்த வாய்போலத் தெரிந்தது.

இஸ்மார் இன்னொரு வழி சொன்னான். கையைத் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று துண்டாக்கிக் கொடுத்தால் மூட்டில் கட்டி அவன் நிரலே ஆட்டிவைக்கும். நூற்றுக்கணக்கான படம் தேவையில்லை. புருல் மனசில்லாமல் வெட்டிக் கொடுத்தாள். கை மட்டும் பதினோரு எம்.பி.க்குள் அடங்கிவிட்டது. வழவழவென்று வேறு அசைந்தது. தாலாயிடம் காட்டினார்கள்.

"மழை பெய்யுதா?" என்றான் தாலாய்.

"என்ன பைகே, மழை?" என்றான் இஸ்மார், அண்ணன் முறை வைத்து.

"வைப்பர் ஓடுதே, அதான் கேட்டேன்."

அதைத் தூக்கிப் போட்டார்கள்.

கடைசியில் மூன்று மாதிரி செய்தார்கள், இருபத்துநாலு, பன்னிரண்டு, எட்டு. மூன்றையும் கணினியில் அடுத்தடுத்து ஓடவிட்டு புருல் பார்த்தாள். முதல் நாள் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இருபத்துநாலு பட்டு, எட்டு கல்லும் முள்ளும். இரண்டாம் நாள் எட்டு அவ்வளவு மோசமில்லை போலிருந்தது. மூன்றாம் நாள் இருபத்துநாலே விக்குவதுபோல் தோன்றியது. ஐந்தாம் நாள் எது எந்த மாதிரி என்றே சொல்ல முடியவில்லை. இஸ்மார் பெயரை மறைத்துக் காட்டினான். எட்டைப் பார்த்து "இதுதான் என்னோட இருபத்துநாலு" என்று அடித்துச் சொன்னாள். அவன் பெயரைத் திறந்து காட்டியதும் முகம் வெளுத்துப்போயிற்று.

"கண்ணு கெட்டுப்போச்சு எனக்கு" என்றாள்.

கண் டாக்டரிடமும் போனாள். டாக்டர் கடைசி வரி எழுத்துவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்குக் கழுகுக் கண்ணு, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

சொந்தக் கண்ணை நம்ப முடியாதென்றால் ஊர்க் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் இரண்டு ஃபோன்களை எடுத்துக்கொண்டு அஷ்லியான்ஃபூ வரிசைக்குப் போனார்கள். புருலின் இடது கையில் இஸ்மாரின் ஃபோன், அதில் பன்னிரண்டு. வலது கையில் புருலின் ஃபோன், அதில் இருபத்துநாலு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. சாப்பிட வந்தவர்களிடம் எது என்னவென்று சொல்லாமல் காட்டி, "எது நல்லா ஓடுது?" என்று கேட்க வேண்டும்.

முதலில் மாட்டியது ஹலிச்சாதான். ஐம்பத்திரண்டு வயது, வரிசையிலேயே பெரிய குரல். கையைத் துணியில் துடைத்துவிட்டு இரண்டையும் பார்த்தாள்.

"இதுல இழுக்கறது நானா?"

"ஆமா, நீங்கதான் ஹலிச்சா எஜே."

"என் கை இவ்வளவு குண்டாவா இருக்கு?"

"கையை விடுங்க. எது நல்லா ஓடுது?"

"எடது. வலதுல இருக்கறவளுக்கு மூட்டு வலி. பாரு, குருவி கொத்துற மாதிரி வெட்டி வெட்டி இழுக்கறா. இவளை நான் வேலைக்கு வச்சுக்க மாட்டேன்." பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். "ஏ, இங்க வாடி, உன்னை மாதிரி ஒருத்தி மாவு இழுக்கறா!"

பத்தொன்பது பேர் பார்த்தார்கள். பதினாலு பேர் இடது என்றார்கள். ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "எடது வெண்ணெய், வலது மரம்" என்றார். மூன்று பேர் வலது. இரண்டு பேர் தங்களிடம் இதைப் போய் விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது புருல் கணக்குப் போட்டாள். பாதிப் படத்தை வெட்டியெறிந்த மாதிரியைத்தான் ஊரே மெச்சுகிறது. அப்படியென்றால் ஏழு மாதத்தில் மூன்றரை மாதம் அவள் வரைந்தது யாருக்காக? இஸ்மார் அவளைத் தேற்றும் தோரணையில், ஆனால் துள்ளலை மறைக்க முடியாமல் நடந்தான். கடைக்கு வந்ததும் அவள் ஃபோனை வாங்கிக் கணினியில் செருகினான். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்த்தான்.

"எஜே."

"சொல்லு."

"உங்க ஃபோன்ல இருபத்துநாலு ஏறவே இல்ல."

"ஏறலன்னா? ஓடுச்சே!"

"ஓடினது பழசு. போன வாரம் போட்ட பன்னிரண்டு. புதுசை ஏத்தும்போது 'இடம் இல்லை'ன்னு சொல்லியிருக்கு, நீங்க 'சரி'ன்னு அமுக்கியிருக்கீங்க."

புருலின் ஃபோன் நிறைய இருபத்திரண்டு பள்ளிச் சுவர்களும், வேன் சேற்றில் மாட்டிக்கொண்டதைத் தாலாய் எடுத்த வீடியோக்களும் இருந்தன. அவளுடைய விளையாட்டுக்கு அவள் ஃபோனிலேயே இடமில்லை.

அது புரிந்ததும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடுத்த நொடி நின்றுவிட்டது. "அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

"அப்ப அந்தப் பதினாலு பேரும் எதைப் பார்த்தாங்க?"

இஸ்மார் தலையைச் சொறிந்தான். தன் ஃபோனில் சத்தம் திறந்திருந்தது, அவளுடையதில் அடைத்திருந்தது என்று கண்டுபிடித்தான். "அதான்! மாவு பலகையில அறையற சத்தம் கேட்டா அசைவு நல்லா இருக்கற மாதிரி மூளை நம்பிடும்."

"அந்த வரிசையில பாட்டுப் போட்டுக் காதைக் கிழிக்கறாங்க. நீ பேசினதே எனக்குக் கேட்கல, மாவுச் சத்தமா கேட்டுது?"

அப்படியானால் திரை வெளிச்சமா? அளந்து பார்த்தார்கள், அவளுடையதுதான் கூடுதல் வெளிச்சம். அப்படியானால் ஹலிச்சா முதலில் இடது என்று கத்தியதால் மற்றவர்களும் அதையே சொன்னார்களா? ஆனால் ஆறேழு பேர் ஹலிச்சா குரல் எட்டாத கடைசி மேசையில் இருந்தவர்கள். "நீங்க எடது கையை நீட்டும்போது சிரிச்சீங்களோ என்னவோ" என்றான் இஸ்மார் கடைசியாக. புருல் அன்று முழுவதும் கண்ணாடி முன் இரண்டு கையையும் மாறி மாறி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலாய் கதவருகில் நின்று பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டான்.

இரண்டு நாள் அவள் ஒரு கோடு போடவில்லை. மூன்றாம் நாள் வேறு வழி தோன்றாமல், மாவு இழுப்பதையே ஃபோனில் வீடியோ எடுப்பது என்று ஹலிச்சா கடைக்குப் போனாள். அதற்கு முதலில் ஃபோனில் இடம் வேண்டும். பதினோரு சேற்று வீடியோக்களைத் தாலாய்க்குத் தெரியாமல் அழித்தாள்.

ஃபோனைத் தூக்கிப் பிடித்ததும் ஹலிச்சா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் பெண்போல மெல்ல மெல்ல இழுத்தாள்.

"இப்படியா தினமும் இழுப்பீங்க?"

"படம் எடுக்கறப்ப அழகா இழுக்க வேணாமா?"

"வேணாம். எப்பவும்போல இழுங்க."

"எப்பவும் எப்படி இழுப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன என்னையே பார்த்துக்கிட்டா இழுக்கறேன்?"

அதற்குள் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஹலிச்சா ஃபோனை மறந்தாள். புருல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை ஒவ்வொரு படமாகப் பிரித்துப் பார்த்தாள். மாவை நீட்டத் தொடங்கும்போது ஹலிச்சாவின் கை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆறு படம், ஏழு படம், ஒரே மாதிரி. பிறகு பலகையில் அறைவது இரண்டே படம். அந்த இரண்டிலும் கையுமில்லை, மாவுமில்லை, வெள்ளையாக ஒரு கலங்கல். அந்த இடத்தில் புருல் ஏழு படம் வரைந்திருந்தாள். ஏழும் விரல் விரலாக, இழை இழையாக, நகம்கூடத் தெரியும்படி. யாருடைய கண்ணும் பார்க்க முடியாத ஒன்றை ஏழு முறை சுத்தமாக வரைந்திருந்தாள். கை நின்ற இடத்திலோ நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"அப்ப தப்பு எண்ணிக்கையில இல்ல" என்று இஸ்மாருக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். "எந்தப் படம் எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதுல இருக்கு. அப்படித்தான் நினைக்கறேன். நிச்சயமாத் தெரியல."

"எம்.பி. குறையுமா?"

"குறையும்."

"அப்ப நிச்சயம்தான்."

மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடி வரைந்தாள். ஒரு இழுப்புக்கு இருபத்துநாலு இருந்த இடத்தில் ஒன்பது. முதல் படம் அசையாமல் நிற்கும். அடுத்தது கொஞ்சம் குறைவாக நிற்கும். அறையும் இடத்தில் ஒரே ஒரு படம், நீளமாக இழுபட்ட வெள்ளைக் கறை, நடுவில் விரல் மாதிரி ஏதோ ஒன்று. அந்தக் கறையை மட்டும் தாலாயிடம் காட்டினாள்.

"இது நூடுல்ஸா, ஆட்டுக் குடலா?"

"ஓடவிட்டுக் காட்டறேன், பாரு."

ஓடவிட்டாள். தாலாய் இரண்டு முறை பார்த்தான். "இப்ப குடல் தெரியல" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

வாடிக்கையாளர்களுக்கும் அதே வைத்தியம் நடந்தது. உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு நாலு படம் போதும். முறைக்கும்போது மட்டும் கொஞ்சம் அதிகம். நாற்பத்தெட்டு எம்.பி.யில் வந்து நின்றது. இஸ்மார் கடையிலிருந்தே கத்தினான், பக்கத்துக் கடையில் செருப்பு விற்பவர் எட்டிப் பார்த்தார்.

வெளியிடுவதற்கு முன்னால் ஹலிச்சாவிடம் காட்டினார்கள்.

"ஆங், இப்ப சரி" என்றாள். "கை நல்லா அறையுது."

புருலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா போன தடவை காட்டினியே, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டாள் ஹலிச்சா.

"எது எஜே, எடதா வலதா?"

"ரெண்டும்தான். எதுக்குப் பொண்ணே மாத்தின?"

ஜூன் நாலாம் தேதி விளையாட்டு வெளிவந்தது. முதல் வாரம் இருநூற்றுப் பத்துப் பேர் இறக்கிக்கொண்டார்கள். மந்தையோடு மலை ஏறிய மூன்று பேர் மேலே கூடாரத்தில் உட்கார்ந்து விளையாடுவதாகக் கீழே வந்த லாரிக்காரர் மூலம் தகவல் வந்தது. சிக்னல் இல்லாத இடம், பகலில் மாடு மேய்ப்பதைத் தவிர வேலை இல்லாத இடம். அங்கே புருலின் விளையாட்டு போய்ச் சேர்ந்திருந்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று அவள் வேனின் முன்சீட்டில் ஏறித் தாலாயோடு வெந்நீர் ஊற்றுவரை சும்மா போய்விட்டு வந்தாள்.

இரண்டாம் வாரம் கருத்துகள் வரத் தொடங்கின. இஸ்மார் வாசிக்க, புருல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாரின்லேர்ந்து ஒருத்தர், அஞ்சு நட்சத்திரம். 'இவ்வளவு வழுக்கிக்கிட்டு ஓடற விளையாட்டை நான் பார்த்ததில்ல. கை எண்ணெய் போட்ட மாதிரி ஓடுது.'"

"அடுத்தது?"

"பிஷ்கேக்கிலேர்ந்து, ரெண்டு நட்சத்திரம். 'விளையாட்டு நல்லாருக்கு. ஆனா கை விக்கி விக்கி இழுக்குது. படத்தைக் கூட்டுங்க.'"

"அவரு ஃபோன் பழசா இருக்கும்."

இஸ்மார் பார்த்தான். கருத்து எந்த ஃபோனிலிருந்து வந்தது என்பதையும் செயலிக்கடை அவனுக்குக் காட்டும். "பிஷ்கேக்காரரோடது இந்த வருஷத்து ஃபோன். நாரின்காரரோடதுதான் ஏழு வருஷப் பழசு."

செருப்புக்கடைக்காரர் யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். புருல் ஃபோனை வாங்கி இரண்டு கருத்தையும் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகு மாவை இழுக்கும் அந்த ஒன்பது படத்தையும் ஓடவிட்டுப் பார்த்தாள். வழுக்குகிறதா, விக்குகிறதா? ஒரு தடவை வழுக்கியது. அடுத்த தடவை விக்கியது. அதற்கடுத்த தடவை வெறும் கையாக இருந்தது, மாவு இழுத்துக்கொண்டிருந்தது.

"என்னன்னு பதில் போட, எஜே?"

"ரெண்டு பேருக்கும், 'நன்றி, கவனிக்கிறோம்'னு போடு."

"ரெண்டு பேருக்கும் ஒரே பதிலா?"

"ரெண்டு பேரும் பார்த்தது ஒரே கையைத்தானே" என்றாள் புருல். சொல்லிவிட்டு, அது சரிதானா என்று யோசித்தபடி, அடுத்துத் திருத்தி வரைய வேண்டிய மிளகாய் ஊற்றும் அசைவுக்கான தாளை எடுத்து முதல் கோட்டைப் போட்டாள்.